மகாவலியின் மருதங்கரையும் வில்லு நிலமும்

மன்னம்பிட்டிப் பாலத்தருகே நின்று வடக்கு நோக்குபவர் கண்ணுக்கு முதலிற் புலப்படுவது ஆற்றுநீர் அன்று. இரு கரையிலும் கரும்பச்சை நிறத்தில் நீண்டு செல்லும் மரவரிசையே. ஆடி, ஆவணி மாதங்களில் மேட்டு நிலத்துப் புல் கருகிப் பற்றைகள் சாம்பல் நிறங்கொண்டு நிற்கும்போதும் இவ்வரிசை வாடுவதில்லை. மருது, இலுப்பை, வம்மி, நீர்நொச்சி ஆகிய மரங்கள் ஆற்றை நோக்கிச் சாய்ந்து, வேர்களைக் கரைமண்ணில் ஊன்றி, ஒன்றோடொன்று கிளை பின்னி நிற்கின்றன. அம்மரங்களுக்கு அப்பால், ஆற்றில் ஓடத்திற் செல்பவருக்குத் தோன்றாதபடி, வில்லுகள் என்று வழங்கும் அகன்ற நீர்ப்புல் வெளிகள் கிடக்கின்றன. மரவரிசையும் வில்லும் சேர்ந்ததே மகாவலிக் கீழ்க்கரையின் பசுமை வலயமாகும். மன்னம்பிட்டி தொடங்கி, சோமாவதி, கந்தக்காடு ஆகிய பகுதிகளைக் கடந்து, ஒரு கிளை வெருகல் வழியாகவும் மற்றது கொட்டியாரக் குடாவழியாகவும் கடலைச் சேரும்வரை இவ்வலயம் ஆற்றுடன் கூடவே செல்கின்றது.

இவ்வலயத்தின் ஓரத்தில் நெல்லும் மரக்கறியும் செய்து வாழ்வோர் பலர். ஆற்றங்கரையிலுள்ள ஓர் ஏக்கர் காணி, குளத்தின்கீழ் உள்ள ஓர் ஏக்கரைப் போன்றதன்று. குளத்தின்கீழ்க் காணி தந்தையின் காலத்தில் இருந்த எல்லையிலேயே மகன் காலத்திலும் இருக்கும். ஆற்றங்கரைக் காணியோ வெள்ளம் கொணர்ந்து இட்ட மண். கரை காவாதவிடத்து அதே வெள்ளம் அதனைக் கொண்டு போய்விடும். ஆதலால், இந்நிலம் எவ்வாறு உண்டாயிற்று, எதனால் நிலைத்து நின்றது, அண்மைக் காலத்தில் அதற்கு நேர்ந்த மாற்றம் யாது என்பவற்றைக் கரையோரக் கமக்காரர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஆறு ஆக்கிய நிலம்

மகாவலி கங்கை இலங்கையின் ஆறுகளுள் மிக நீண்டது. அதன் நீளம் 335 கிலோமீற்றர், அதாவது ஏறக்குறைய 208 மைல். தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவான இடத்தில் விழும் மழைநீர் இவ்வாற்றையே வந்தடைகின்றது. மலைநாட்டில் தோன்றி, பேராதனைப் பூங்காவை வளைத்துக்கொண்டு, கண்டியைச் சுற்றிக் கிழக்கே திரும்பி, பாறைகளினூடே இறங்கி மினிப்பேயை அடையும் ஆறு, அங்கிருந்து வடக்கு நோக்கிச் சமவெளியில் நடக்கத் தொடங்குகின்றது. மன்னம்பிட்டிக்கு மேற்புறத்தில் அம்பன் கங்கை அதனுடன் கலக்கின்றது. அதன் பின்னர் கடல்வரையும் நிலத்தின் சாய்வு மிகச் சிறிது.

மலையில் வேகமாய் ஓடிய நீர் மணலையும் வண்டலையும் களியையும் ஒருங்கே சுமந்து வருகின்றது. சமவெளியில் வெள்ளம் கரைமேல் ஏறிப் பரவும்போது வேகம் சடுதியாகத் தணிகின்றது. வேகம் தணிந்தவுடன் பாரமான மணலும் பருவண்டலும் கரையருகிலேயே படிகின்றன. நுண்ணிய களிமண்ணோ நீருடன் நெடுந்தூரம் சென்று, நீர் அசையாது தேங்கும் இடத்திலே மெல்ல அடியில் தங்குகின்றது. ஆண்டுதோறும் இவ்வாறு நிகழ்வதனால் கரை ஓரம் மேடாகவும், அதற்கு அப்பாலுள்ள நிலம் பள்ளமாகவும் அமைந்துவிட்டன. ஆற்றை விட்டு விலகிச் செல்லச் செல்ல நிலம் உயரும் என்றே புதிதாய் வருபவர் எண்ணுவர். இங்கோ முதலிற் தாழ்ந்து, வில்லைக் கடந்த பின்னரே மீண்டும் உயர்கின்றது. வெள்ளக் காலத்தில் இதனை அறியாது, ஆற்றுக்குத் தூரமான இடம் என்று நம்பிக் குடிசை அமைத்தவர்கள் பின்புறத்தால் வந்த நீரில் அகப்பட்டதுண்டு.

இப்பள்ளங்களும், ஆறு தன் போக்கை மாற்றியபோது கைவிட்டுச் சென்ற பழைய தடங்களுமே வில்லுகள். அந்தபான் வில்லு, பெந்திய வில்லு என்பன அவற்றுட் பெரியவை. வடமேற்கிலுள்ள வில்பத்துக் காட்டின் பெயரும் இச்சொல்லினின்றே வந்ததெனினும், அங்குள்ள வில்லுகள் பெரும்பாலும் மழைநீர் தேங்கும் குழிகளாம். மகாவலி வில்லுகள் ஆற்றோடு தொடுப்புடையவை. ஆறு பெருகினால் பெருகும், ஆறு வற்றினால் தாமும் வற்றும்.

ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் வில்லுகளில் நீர் ஏறும். மார்கழி, தை மாதங்களில் பல வில்லுகள் ஒன்றாகி ஒரே நீர்ப்பரப்பாய்த் தோன்றும். பங்குனிக்குப் பின் நீர் ஓரத்திலிருந்து வற்றத் தொடங்கும். வற்றிய ஒவ்வொரு முழ நிலத்திலும் புல் தளிர்க்கும். ஆடி, ஆவணியில் வேறெங்கும் பசும்புல் காணக் கிடையாதபோது, வில்லுகளின் நடுவே மட்டும் நீரும் அதனைச் சுற்றிப் பச்சைப் புல்லும் இருக்கும். அப்போது யானைக் கூட்டங்கள் காட்டை விட்டு இங்கு இறங்குகின்றன. மட்டக்களப்பு, பொலன்னறுவைப் பக்கத்து மாட்டுப் பட்டிகளும் எருமைப் பட்டிகளும் வந்து சேர்கின்றன. வெள்ளத்துடன் உள்ளே புகுந்து குஞ்சு பொரித்த விராலும் கெளுத்தியும், நீர் சுருங்கும்போது மீன்பிடிப்போர் கைக்கு எட்டுகின்றன. நெல் விளையாத மாதங்களில் இவ்வூரவருக்குப் பாலும் தயிரும் மீனும் கொடுத்து வந்தது இந்த வில்லு நிலமே. ஒரு போகமும் விளையாத வெறும் சதுப்பு என்று இதனைக் கூறுவோர் அதன் கணக்கைச் சரியாகப் பார்த்தவரல்லர்.

மருதின் தொழில்

வயல் நிலத்துக்கு மருதம் என்று முன்னோர் பெயரிட்டனர். மருது நீரோரத்து மரம் என்பதை நினைப்பவருக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். மகாவலிக் கரையிலுள்ள முதிய மருதமரங்கள் சிலவற்றைப் பல ஆடவர் கைகோத்தாலன்றிச் சுற்றிவர இயலாது. வெண்சாம்பல் நிறமான அதன் பட்டையில் சுண்ணச் சத்து மிகுதியாக உண்டு. பட்டையை எரித்த சாம்பலை வெற்றிலைக்குச் சுண்ணாம்பாகப் பயன்படுத்தும் வழக்கம் காட்டோரக் கிராமங்களில் இருந்தது. நீரில் நெடுங்காலம் கிடந்தும் உழுத்துப் போகாத மரமாதலால் கிணறுகளுக்கு உட்சட்டமாகவும் அதனை இட்டனர்.

எனினும் கமக்காரருக்கு அது செய்யும் பெரிய உதவி நிலத்தின் கீழே நிகழ்கின்றது. கரையின் சரிவில் நிற்கும் மருதின் வேர்கள் நீர்மட்டம் வரை இறங்கி, பக்கவாட்டிலும் வலைபோற் பரந்து, தளர்ந்த வண்டலைக் கட்டிப் பிடிக்கின்றன. ஆற்றங்கரை மண்ணில் மணலே மிகுதி. வேரின்றி அது தன் வலிமையால் நிற்க வல்லதன்று. வெள்ளம் வரும்போது தண்டுகளும் தாழ்ந்த கிளைகளும் நீரின் வேகத்தைத் தடுக்கின்றன. வேகம் குறைந்தவிடத்து வண்டல் படிகின்றது. ஆகவே மரமுள்ள கரை வெள்ளத்தினால் உயர்கின்றது. மரமற்ற கரை அதே வெள்ளத்தினால் அறுக்கப்படுகின்றது. இலுப்பையின் இலை வயலுக்குப் பசளை. அதன் வித்து எண்ணெய் தருவது. வம்மி கழுத்தளவு நீரிற் பல வாரங்கள் நின்றும் சாகாது. இவை யாவும் தாமாகவே, காசு செலவின்றி, இங்கு வளர்ந்த காவலாளர்.

இக்கரையில் மனிதர்

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தொலமி என்னும் கிரேக்கப் புவியியலாளர் வரைந்த குறிப்புகளில், இத்தீவின் பெரிய ஆறு கங்கை என்ற பெயருடனேயே காணப்படுகின்றது. பழைய அரசர்கள் இவ்வாற்று வடிநிலத்து நீரைப் பயன்கொண்ட முறை ஆழ்ந்து நோக்கத் தக்கது. அவர்கள் அம்பன் கங்கையை எலகரையில் மறித்துக் கால்வாய் வெட்டினர். மினிப்பேயில் மகாவலியின் நீரையே திருப்பினர். மூன்றாம் நூற்றாண்டில் மகாசேனன் மின்னேரியாக் குளத்தைக் கட்டினான். 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தன் பெயரால் வழங்கும் சமுத்திரத்தை அமைத்தான். மின்னேரியா, கிரித்தலை, கவுடுல்லை, கந்தளாய் ஆகிய பெருங்குளங்கள் யாவும் ஆற்று வெள்ளம் ஏறாத நிலத்திலேயே அமைந்துள்ளன. நீரை ஆற்றிலிருந்து வெளியே கொண்டு சென்று வயல் செய்தனரேயன்றி, வயலை ஆற்றின் வெள்ளப் படுக்கைக்குள் கொண்டு சென்றிலர். நாலாயிரம் ஏக்கரையும் அதற்கு மேலும் நீர்பாய்ச்ச வல்ல குளங்களைக் கட்டியவர்களுக்கு வில்லு நிலத்தை வடித்து வயலாக்குதல் இயலாத காரியம் என்று எண்ண இடமில்லை. அதனை அவர்கள் மேய்ச்சலுக்கும் காட்டுக்கும் விட்டது அறிந்து விட்டதே என்று கொள்ளலாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பொலன்னறுவை அரசு வீழ்ந்தது. குளங்கள் உடைந்தன, வயல்களைக் காடு மூடிற்று. ஆற்றங்கரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு கிராமங்களே எஞ்சின. கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்ட ஆங்கிலக் கப்பலிலிருந்து றொபேட் நொக்ஸ் என்பவர் 1660 ஆம் ஆண்டில் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டார். அவர் 1681 இல் வெளியிட்ட நூலில் மகாவலியைப் பற்றியும் எழுதியுள்ளார். பிற்காலத்தில் தமன்கடுவைப் பிரிவிலே ஆற்றின் கீழ்க்கரைப் பகுதி எகொட பற்று எனப்பட்டது. எகொட என்பதற்குச் சிங்களத்தில் அக்கரை என்பது பொருள். மன்னம்பிட்டி, முத்துக்கல், கறப்பளை முதலிய அக்கரைத் தமிழ்க் கிராமத்தார் மழையை நம்பி நெல்லும், மேட்டில் சேனையும் செய்து, வில்லுகளில் மாடு மேய்த்து வந்தனர். மட்டக்களப்புக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1920 களில் இவ்வழியே போடப்பட்டது. மன்னம்பிட்டி இரும்புப் பாலத்தின் மேல் புகைவண்டியும் ஏனைய வாகனங்களும் ஒரே தளத்தில் மாறி மாறிச் சென்றன. 2007 ஆம் ஆண்டிலேயே வாகனங்களுக்கெனத் தனிப்பாலம் அமைந்தது.

வெருகலிற் சித்திரவேலாயுத சுவாமி கோயில் ஆற்றின் கரையிலேயே நிற்கின்றது. திருவிழாவுக்குச் செல்வோர் அங்குள்ள மருதநிழலில் தங்குவர். கோயிலை அண்டி நிற்கும் மரங்களில் எவரும் கத்தி வைப்பதில்லை. கரை காக்கும் சட்டங்கள் எழுதப்படுமுன்னரே அவ்விடத்துக் கரையை அப்பழக்கம் காத்து வந்தது.

1957 ஆம் ஆண்டு மார்கழி மாதத்துப் பெருவெள்ளத்தை முதியோர் இன்றும் கூறுவர். வரண்ட வலயத்தின் குளங்கள் பல அப்போது உடைந்தன. 1978 ஆம் ஆண்டு கார்த்திகைச் சூறாவளி மட்டக்களப்பிலும் பொலன்னறுவையிலும் காட்டையும் தோட்டத்தையும் ஒருங்கே சாய்த்தது. 1984 இல் வெள்ளச் சமவெளித் தேசிய வனமும், 1986 இல் சோமாவதித் தேசிய வனமும் பிரகடனஞ் செய்யப்பட்டன. இதனால் வில்லுகளிற் பெரும்பகுதி வனசீவராசிகள் திணைக்களத்தின் காவலுக்குள் வந்தது. அதன் பின்னர் 2009 வரை நீடித்த போரினால் கரையோர ஊர்கள் சில வெறிச்சோடின. மக்கள் திரும்பி வந்தபோது எல்லை வரம்புகள் மறைந்து, பழைய தோட்டங்களிற் காடு ஏறியிருந்தது.

அணைகளின் பின்

ஆற்றுக்கு நேர்ந்த மாற்றங்களுள் மிகப் பெரியது 1976 ஆம் ஆண்டு தொடங்கிற்று. அவ்வாண்டில் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, அதன் நீரில் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தால் அம்பன் கங்கைக்கும், அங்கிருந்து வடமத்திய மாகாணக் குளங்களுக்கும் திருப்பப்பட்டது. 1980 களில் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகலை ஆகிய அணைகளும், 1990 இல் ரந்தம்பை அணையும் எழுந்தன. அம்பன் கங்கையில் மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018 இல் நிரம்பிற்று. இவற்றால் நாட்டுக்கு மின்னும், பல்லாயிரம் ஏக்கருக்கு நீரும் கிடைத்தன. கீழ்க்கரையில் ஆண்டுதோறும் வரும் நடுத்தர வெள்ளங்களும் குறைந்தன. வெள்ளத்தால் நட்டமுற்ற கமக்காரருக்கு இது முதலில் நன்மையாகவே தோன்றியது. அப்படித் தோன்றியதிற் பிழையுமில்லை.

ஆனால் ஆறு நீரை மட்டும் கொணர்ந்ததன்று. அணைகளிற் தங்கும் நீர் தன் மணலையும் வண்டலையும் அங்கேயே விட்டுவிடுகின்றது. கீழே திறந்துவிடப்படும் நீர் தெளிந்த நீர். மண் சுமவாத நீருக்குக் கரையை அரிக்கும் வலிமை கூடுதல். அது தான் இழந்த சுமையைக் கீழ்க்கரையிலிருந்து எடுத்துக்கொள்கின்றது. முன்பு கரை ஓரிடத்தில் அறுந்தால் மற்றோரிடத்தில் அடுத்த வெள்ளம் மண் இட்டு ஈடு செய்யும். இப்போது அறுதல் உண்டு. ஈடு செய்தல் குறைவு. வெள்ளம் கரைமேல் ஏறாத ஆண்டுகளில் வில்லுகளுக்கு ஆற்றுநீர் செல்வதில்லை. வில்லு ஆழமின்றி வற்ற, புல் நிலத்தில் முட்பற்றைகள் ஏறுகின்றன. சல்வீனியா என்னும் நீர்க்களையும் ஆற்றுவாழையும் எஞ்சிய நீரை மூடிக்கொள்கின்றன. சல்வீனியா 1939 இல் ஆராய்ச்சிக்கெனக் கொழும்புக்குக் கொணரப்பட்டு, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. அதனைத் தின்னும் வண்டினம் 1986 இல் விடப்பட்ட பின்னர் பலவிடங்களில் அடங்கினும், முற்றாக ஒழிந்ததில்லை.

இதனோடு மணல் அகழ்தலும் சேர்ந்தது. மேலிருந்து மணல் வருவது குறைந்த காலத்திலேயே கட்டட வேலைக்காக மன்னம்பிட்டியிலும் கீழேயும் மணல் பெருவாரியாக எடுக்கப்பட்டது. ஆற்றின் அடி தாழ்ந்தால் கரை அதற்கேற்ப உயர்ந்து செங்குத்தாகும். செங்குத்தான மணற்கரை சரிந்தே தீரும். அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டமும் ஆற்றடியைத் தொடர்ந்து இறங்கும். கடலை அண்டிய மூதூர்ப் பக்கத்தில், கோடையில் ஆற்றுநீர் மெலியும்போது உவர்நீர் மேலேறி வருவதும் இதனாற் கூடுகின்றது.

பெருவெள்ளம் அற்றுப்போயிற்று என்றும் எவரும் கருதலாகாது. 2011 ஆம் ஆண்டு தை, மாசி மாதங்களில் கிழக்கு மாகாணத்திலும் பொலன்னறுவையிலும் வயல்கள் இருமுறை மூழ்கின. 2025 கார்த்திகை இறுதியில் டித்வா சூறாவளியின் மழை மலைநாட்டிலும் சமவெளியிலும் ஒருசேரப் பெய்தபோது, அத்தனை அணைகள் இருந்தும் மகாவலி கரைபுரண்டது. சிறு வெள்ளங்களை அணை தடுக்கும். நீர்த்தேக்கங்கள் நிரம்பிய பின் வரும் பெருவெள்ளம் முன்போலவே கீழிறங்கும். இடையில் பல ஆண்டுகள் வெள்ளம் வராதிருத்தலால் ஆற்றின் ஓரம்வரை துணிந்து வெட்டியவர்களே அப்போது பெரிதும் இழக்கின்றனர்.

கரையைத் துப்புரவாக்கியவரின் கணக்கு

கரைமேட்டு மண் உழுவதற்கு எளிது. நீர் அருகில் உண்டு. இயந்திரக் குழாய் வைத்தால் எக்காலமும் இறைக்கலாம். இதனாற் புகையிலைக்கும், பின்னர் மிளகாய், கத்தரி முதலியவற்றுக்கும் கரைக்காடு பலவிடங்களில் நீர்விளிம்பு வரை வெட்டப்பட்டது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் விளைச்சல் நன்றாகவே இருக்கும். மரத்தின் பழைய வேர்கள் மண்ணுள் உழுத்துப் போகும்வரை கரையும் நிற்கும். அவை உழுத்தபின் வரும் வெள்ளத்திலேயே வெட்டியதன் விலை தெரியவரும்.

ஆற்றோரமாக நூறு யார் நீளமுள்ள ஒரு காணியை எடுத்துக்கொள்வோம். கரை ஆண்டுக்கு நாலு யார் வீதம் அறுகின்றது என்று வைத்தால், ஆண்டொன்றுக்கு 400 சதுர யார் நிலம் ஆற்றுள் விழுகின்றது. ஓர் ஏக்கர் 4,840 சதுர யார். பன்னிரண்டு ஆண்டுகளில் 4,800 சதுர யார், அதாவது கிட்டத்தட்ட ஓர் ஏக்கர் முழுவதும் போய்விடும். மூன்று ஏக்கர் வைத்திருந்தவர் இரண்டு ஏக்கரையே தம் மகனுக்குக் கொடுப்பார். போனதும் சாதாரண ஏக்கரன்று. நீருக்கு மிக அண்மையான, மிக இலகுவான மண்ணுள்ள ஏக்கர். கரையோரமாக முப்பது யார் அகலத்தில் மரத்தை விட்டிருந்தால், அதே நூறு யார் நீளத்துக்கு 3,000 சதுர யார் நிலத்திற் பயிர் செய்யாது விட்டிருப்பார். அது ஓர் ஏக்கரிலும் குறைவு. அந்நிலமும் அவர் கண்முன்னே நின்றிருக்கும்.

ஆற்றோர ஒதுக்கு நிலம் அரசுக்குரியது. 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டமும், 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டமும் இது போன்ற நிலங்களைக் காக்க இடமளிக்கின்றன. தம் காணியின் எல்லை எதுவரை, ஒதுக்கு நிலம் எங்கே தொடங்குகின்றது என்பதைப் பிரதேச செயலகத்தில் வரைபடம் பார்த்து அறிந்துகொள்ளலாம். எனினும் காவலாளர் வந்து தடுக்கும்வரை வெட்டலாம் என்று இருப்பவரை எந்தச் சட்டமும் காப்பாற்ற மாட்டாது. விழுவது அவருடைய காணியே.

யானையையும் இங்கே கூறவேண்டும். கரைக்காடு யானைகளின் பழைய நடைபாதை. அதனை இடையில் அறுத்துப் பூசணியும் சோளமும் நட்டால், யானை தோட்டத்துக்குள் வந்தது என்று சொல்வதைவிட, தோட்டம் யானையின் வழிக்குள் வந்தது என்று சொல்வதே பொருந்தும். மின்வேலி இடுவோர் ஆற்றுக்கும் காட்டுக்கும் இடையே அவை செல்ல ஒரு வழியை விட்டு இடுதல் வேலிக்கும் நல்லது.

எந்நிலத்தில் எப்பயிர்

கரைமேடு, வில்லின் சரிவு, வில்லின் அடி, அப்பாலுள்ள செங்கபில மேட்டு நிலம் என்ற நான்கும் நான்கு வகை நிலமாம். ஒன்றுக்கு ஏற்றது மற்றதற்கு ஏலாது.

கரைமேட்டில், மரவரிசைக்கு உட்புறமாக, வெள்ளம் வடிந்த பின் தை இறுதியிலிருந்து பங்குனி வரை மரக்கறி நடலாம். வத்தகை, பூசணி, வெள்ளரி, பயிற்றை, வெண்டி, கச்சான், பயறு ஆகியன மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் சிறிதளவு இறைப்பையும் கொண்டு நன்கு வரும். இம்மண்ணில் நீரும் பசளையும் விரைவில் கீழிறங்கிவிடும். ஆகவே யூரியாவை ஒரே முறையில் இடாது, சிறுசிறு அளவாகப் பிரித்து இடுதல் வேண்டும். மாட்டெரு இட்டால் ஈரம் நிற்கும். பட்டி மாடுகளைக் கோடையில் சில இரவுகள் தோட்டத்திற் கட்டுவிக்கும் பழைய வழக்கம் இதற்கு மிகச் சிறந்தது. பட்டிக்காரருடன் முன்கூட்டியே பேசி வைத்தல் நன்று. மேட்டை ஆற்றுக்குக் குறுக்கே கீழ்நோக்கி உழாமல், ஆற்றின் போக்குக்கு ஒப்ப நீளவாட்டில் உழுதல் வேண்டும். சரிவை நோக்கி வெட்டிய சாலில் ஒரு மழை ஓடினாலே வாய்க்காலாகிவிடும்.

வில்லின் சரிவிலுள்ள களிமண் நெல்லுக்கு உரியது. பெரும்போகத்தில் தாழ்ந்த வயல்களிற் பயிர் முற்றாக நீருள் மூழ்கி ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் தப்புதல் அரிது. அத்தகைய வயல்களுக்கு, வெள்ளம் வடிந்த பின் விதைக்கத்தக்க பீ.ஜி. 300 போன்ற மூன்று மாத இனங்களை வைத்துக்கொள்ளலாம். மார்கழி வெள்ளத்திற் பயிர் அழிந்தாலும் தையில் மீண்டும் விதைக்க, இரண்டாம் விதைப்புக்குப் போதிய விதைநெல்லை வெள்ளம் எட்டாத இடத்தில் முன்னரே ஒதுக்கி வைத்தல் வேண்டும். வெள்ளம் வந்த ஆண்டில் விதைநெல் தேடி அலைந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. சல்வீனியா வயலுள் புகாதபடி வாய்க்கால் வாயிலில் மூங்கிற் தட்டி கட்டி, சேர்வதை வாரந்தோறும் வாரிக் கூட்டெருக் குழியில் இடலாம்.

வில்லின் அடியை வடித்து வயலாக்க முயல்வோர் உண்டு. வில்லிலிருந்து ஆற்றுக்கு ஒரு கால் வெட்டினால் நீர் ஓடிவிடும் என்பது மெய்யே. அதனுடன் கரைமேட்டுக் கிணறுகளின் ஊற்றும் ஓடிவிடும். ஏனெனில் அம்மணற்கிணறுகள் ஒருபுறம் ஆற்றாலும் மறுபுறம் வில்லாலும் ஊறுகின்றன. அடுத்த வெள்ளத்தில் வெட்டிய கால்வழியே ஆறு உள்ளே புகும். கால் மெல்ல மெல்ல அகன்று ஆற்றின் புதிய வாயாக மாறுதலும் கூடும். வில்லு மேய்ச்சலுக்கும் மீனுக்கும் இருக்கட்டும். அதன் ஓரத்தில் பூச்சிநாசினி தெளிக்கும் கருவிகளைக் கழுவுதலும், வெற்றுப் போத்தல்களை எறிதலும் மீன் பிடித்து உண்பவரின் சட்டியிலேயே போய்ச் சேரும்.

ஏலவே வெட்டப்பட்ட கரையை மீட்டெடுக்க விரும்புவோர் மருதின் கீழே உதிர்ந்து கிடக்கும் முற்றிய காய்களைப் பொறுக்கி, இரண்டு நாள் நீரில் ஊறவைத்து, நிழலுள்ள நாற்றுமேடையில் இடலாம். முளைப்பதற்கு ஒன்று இரண்டு மாதம் செல்லும். அதற்குள் மேடையைக் கிளறிப் பார்த்தல் ஆகாது. ஓர் ஆண்டு வளர்ந்த கன்றுகளை ஐப்பசி மழையுடன் கரையில் இரண்டு வரிசையாக நடலாம். கன்று வேர்கொள்ளும்வரை கரைச்சரிவில் வெட்டிவேரும் நாணலும் வைத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளல் வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளுக்கு எருமை ஏறாதபடி முள்வேலி அடைத்தல் இன்றியமையாதது; எருமை மிதித்த இடத்தில் எக்கன்றும் எழும்பாது. கரை செங்குத்தாக அறுந்த இடங்களில் கன்றை விளிம்பில் வையாது, நாலைந்து யார் உள்ளே தள்ளி வைத்தால் வேர் பிடிக்கக் காலம் கிடைக்கும்.

கரை உண்மையில் அறுகின்றதா, எவ்வளவு அறுகின்றது என்பதை அறிய ஒரு முளைத்தடி போதும். புரட்டாதி முடியுமுன் நீர்விளிம்புக் கரையிலிருந்து உட்புறமாகப் பத்து யார் அளந்து, பாலை அல்லது முதிரைக் கட்டையொன்றை மூன்றடி ஆழத்தில் அடித்து வைக்கலாம். ஐம்பது யாருக்கு ஒன்றாக இவ்வாறு அடித்து, மாசியில் வெள்ளம் வடிந்ததும் முளையிலிருந்து விளிம்புவரை மீண்டும் அளந்து கொப்பியிற் குறித்துக்கொள்ளல் வேண்டும். அயற்காணிக்காரரும் இவ்வாறு செய்து, இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்புகளைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டு வந்தால், எவ்விடத்தில் முதலிற் கன்று நடுவது என்பதைப் போதனாசிரியருடன் இருந்து தீர்மானிக்கலாம்.